ஸ்ரீயானியின் மருமகளின் அண்ணன்

1

நான் மெல்பேர்ணுக்கு வந்து இந்தப் பங்குனியோடு ஒன்பது வருடம். போன கிழமை இலங்கையில் எங்கள் ஊரான உடப்பிலிருந்து என் தம்பியின் பெண்சாதி கூப்பிட்டாள். நலம் விசாரிக்க அல்ல.

"மச்சாள், நீங்க ஆரையோ பிடிச்சு சுலோட வேலையில கை வச்சிட்டீங்களாமே. ஊரெல்லாம் ஒரே கதை."

ஊரெல்லாம் கதை என்றால் அவள் ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள் என்று அர்த்தம். யாராவது விடுபட்டிருந்தால் அவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். என் கதையை அவள் வாயால் கேட்பதைவிட என் கையால் வாசிப்பது நல்லது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போகிறது. போகட்டும். இதைக் கோயில் மலரில் அச்சுப் போடுகிற பிள்ளைகள் எழுத்துப் பிழை இருந்தால் திருத்தலாம். கதையில் கை வைக்க வேண்டாம். முக்கியமாக என் தம்பி பெண்சாதி வருகிற இடங்களில்.

2

சுலோ என் ஒரே பிள்ளை. நாங்கள் வைத்த பெயர் சுலோசனா. இங்கே வேலை செய்கிற கந்தோரில் அவளை 'சூ' என்கிறார்களாம். நாங்கள் கோழி விரட்டுகிற சத்தத்துக்கு இவள் "யெஸ்" என்று திரும்பிப் பார்க்கிறாள். வயது முப்பத்தாறு. கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம். நானே கேட்டு அலுத்த கேள்வி அது.

தகப்பன் செத்த அடுத்த வருடம் என்னை இங்கே கூப்பிட்டாள். வரும்போது வீட்டையும் கருவாடு காயப்போடுகிற வாடியையும் தம்பிக்கு எழுதிக் கொடுத்தேன். திரும்பிப் போகிற யோசனையே எனக்கு இருக்கவில்லை. போகிறவள் போனவளாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

சுலோ ஒரு நகரசபையில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். அது சித்திரையோடு முடிகிறது, புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, இந்த ஊரிலேயே உள்ள ஓர் ஆலோசனைக் கம்பனி. அதாவது, மற்றவன் தன் வேலையை எப்படிச் செய்ய வேண்டுமென்று சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிற கம்பனி. எங்கள் ஊரில் கரையோரம் நிற்கிற அத்தனை பேரும் இதைச் சும்மாதான் செய்கிறார்கள், கேளாமலும் செய்கிறார்கள். இங்கே இதற்குப் பதினெட்டு மாடிக் கட்டடம்.

மற்ற வழி, மேற்கே நடுப் பாலைவனத்தில் ஒரு சுரங்கம். மூன்று வருடம் அங்கேயே இருக்க வேண்டும். தகரக் கொட்டிலில் ஓர் அறை, ஒரு கட்டில். தாய்மாருக்கு இடமில்லை.

"அப்ப நான் இங்கயே இருக்கிறன்" என்றேன்.

"தனியவா? போன வருஷம் நீங்க கருவாடு பொரிச்சதுக்குத் தீயணைப்பு வண்டி வந்தது மறந்து போச்சா?"

"வந்தவங்க நல்ல பிள்ளைகள். ஒருத்தன் திண்டும் பாத்தான்."

"அம்மா, பகிடி விடாதீங்க. சுரங்கம்தான் எண்டா நீங்க மூண்டு வருஷம் ஊரில மாமா வீட்ட நிக்க வேணும். எனக்கு வேற வழி தெரியேல்ல."

மாமா வீடு! அது என் வீடு. என் புருஷன் ஒரு மழைக்காலம் முழுக்கத் தோணியில் கல் ஏற்றி வந்து கட்டியது. அந்த வீட்டில் தம்பியின் பெண்சாதி எனக்குப் பாய் எடுத்துப் போட்டு, "மச்சாள், இந்த மூலையில படுங்க" என்று சொல்வாள். நான் படுக்க வேண்டும். அந்தக் காட்சி என் கண்ணுக்குள் வந்து குந்திக்கொண்டது. வெறுமே வரவில்லை, பாயோடு வந்தது.

ஆகவே, மகளுக்காகத்தான் நான் அந்தக் கம்பனியில் ஆள் பிடிக்க ஓடினேன் என்று சொன்னால் அது முக்கால் பொய். மூன்று வருடம் அந்தப் பாயில் படுக்காமல் இருக்க ஓடினேன்.

சுலோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"இது என்ட தகுதியில கிடைக்கிற வேலை. தெரிஞ்சவங்க, அறிஞ்சவங்க எண்டு ஆரையும் போய்ப் பிடிக்காதீங்க. ஊர்ப்பழக்கத்த இங்க காட்ட வேணாம்."

"நான் ஆரைப் புள்ள பிடிக்கிறது? எனக்கு இந்த ஊரில பஸ் ஓட்டுறவனைத் தவிர ஆரைத் தெரியும்?"

அன்றைக்கு அது கிட்டத்தட்ட உண்மைதான்.

3

புதன்கிழமைகளில் கவுன்சில் மண்டபத்தில் வயதானவர்களுக்கு ஓர் உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது. கதிரையில் இருந்துகொண்டே செய்வது. கையைத் தூக்கு, இறக்கு, காலை நீட்டு, மடக்கு. ஊரில் இதைச் செய்தால் பேய் பிடித்திருக்கிறது என்று கயிறு கட்டுவார்கள். இங்கே முடிவில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள். நான் போவது அதற்காகவும் ஸ்ரீயானிக்காகவும்.

ஸ்ரீயானி சிலாபத்துச் சிங்களத்தி. மார்க்கட்டுக்குப் பின்னால் வளர்ந்தவள். அவளுடைய தமிழில் மீன்வாடை அடிக்கும், என்னுடைய சிங்களத்திலும் அப்படித்தான். அதனால்தான் ஒட்டிக்கொண்டோம். கோயிலில் யாழ்ப்பாணத்து ஆட்கள் என்னிடம், "நீங்கள் எந்த இடம்?" என்று கேட்பார்கள். "புத்தளம் பக்கம்" என்பேன். விபூதி பூசிய என் நெற்றியைப் பார்த்துக்கொண்டே, "அப்ப முஸ்லிமோ?" என்பார்கள். அங்கே தமிழரும் இருக்கிறோம், பாரதக் கதை படித்து வருடாவருடம் தீ மிதிக்கிறோம் என்று ஒன்பது வருடமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். ஸ்ரீயானிக்கு எதையும் விளக்க வேண்டாம். உடப்பு என்றதும் முதல் நாளே, "ஆ, கருவாடு!" என்றாள். நாடு முழுக்கச் சண்டை பிடித்து முடித்தது. நாங்கள் இரண்டு பேரும் பிடித்த சண்டை எந்தக் கருவாட்டில் உப்புக் கூட என்பதுதான். அது இன்னும் முடியவில்லை.

அந்தப் புதன்கிழமை அவள் என்னைக் கவனித்துவிட்டாள்.

"என்ன அக்கே, கை பாதியில நிக்குது?"

"மனம் பாதியில நிக்குது தங்கச்சி."

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பனியின் பெயரைச் சொன்னதும் தூக்கிய கையை அப்படியே விட்டுவிட்டாள். பயிற்சி கொடுக்கிற வெள்ளைக்காரப் பிள்ளை, "ஆர் யூ ஓக்கே?" என்று ஓடி வந்தாள்.

"அனே அக்கே! அங்க எங்கட ருவன் இருக்கிறானே! என்ட மகன்ட பெண்சாதின்ட அண்ணன்!"

"சின்ன வேலையா, பெரிய வேலையா?"

"தனி அறை இருக்கு. கதவோட."

கதவு இருக்கிற ஆள் என்றால் பெரிய ஆள்தான். இங்கே மற்றவர்களை எல்லாம் இறால் பெட்டி மாதிரி அடுக்கியல்லவா வைத்திருக்கிறார்கள்.

நான் அங்கேயே கதிரையில் இருந்தபடி முறை பார்த்தேன். எங்கள் பக்கத்தில் யாரிடமாவது ஓர் உதவிக்குப் போவதென்றால் முதலில் செய்கிற காரியம் அதுதான். வெறும் ஆளாகப் போகக்கூடாது, முறையோடு போக வேண்டும். ஊரதிகாரியான விதானையிடம் போனாலும் சரி, மீன் லொறிக்காரனிடம் போனாலும் சரி. ஸ்ரீயானி எனக்குத் தங்கச்சி. தங்கச்சியின் மருமகள் எனக்கும் மருமகள். மருமகளின் அண்ணன் எனக்கு மருமகன். கணக்கு நேராக வந்தது.

"ஸ்ரீயானி, அவன் உன்னை என்னண்டு கூப்பிடுறவன்?"

"நெந்தா எண்டுதான்."

நெந்தா என்றால் எங்கள் மாமி. அப்படியானால் அவன் என்னையும் நெந்தா என்று கூப்பிடட்டும் என்று சொன்னேன். ஸ்ரீயானிக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சிலாபத்துக்காரி அல்லவா.

4

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீயானி வீட்டுக்குப் போவதாகச் சுலோவிடம் சொன்னேன். அது பொய்யல்ல. அங்கே போய் அவளைக் கூட்டிக்கொண்டு ருவன் வீட்டுக்குப் போனேன். கையை வீசிக்கொண்டு போக முடியுமா? கூனி இறால் சம்பல் ஒரு போத்தல் செய்து எடுத்துப் போனேன்.

ருவன் நல்ல மாதிரியான பிள்ளை. நாற்பத்தைந்து வயது, கண்ணாடி, இரண்டு குழந்தைகள். வாசலில் வந்து குனிந்து கும்பிட்டு, "வாங்கோ நெந்தா" என்று சிங்களத்தில் கூப்பிட்டான். முறை வேலை செய்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். போத்தலைக் கொடுத்தேன். "ஐயோ, இதெல்லாம் எதுக்கு?" என்றபடி மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். அவன் முகம் ஒரு கணம் பத்து வயதுப் பையன் முகமானது.

தேத்தண்ணி வந்தது. ஸ்ரீயானி விஷயத்தை எடுத்தாள். ருவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

"நெந்தா, இங்க நான் சொல்லி ஒருத்தரை எடுக்க முடியாது. ஆனா தெரிஞ்ச ஆள் விண்ணப்பிச்சா அவங்களப் பத்தி ஒரு குறிப்பு எழுதலாம். எனக்கு உங்கட மகளைத் தெரியாது. நீங்க சொல்லுங்க. என்ன செஞ்சிருக்கிறாங்க? எதில கெட்டிக்காரி? ஒரு இக்கட்டு வந்தா எப்பிடி நிப்பாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கரைவலைக்குப் புது ஆள் வந்தாலும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இதைத்தான் கேட்பார். யார் அவனைக் கூட்டி வந்தானோ அவன் முன்னால் வந்து பதில் சொல்ல வேண்டும். எந்தக் கரையில் இழுத்தான், காற்று மாறினால் கயிற்றை விட்டு ஓடுவானா, இல்லையா? கூட்டி வந்தவன் தடுமாறினால் கதை முடிந்தது. சாராயம் குடிக்கிறவனைக்கூட எடுப்பார்கள். கூட்டி வந்தவனுக்கே தெரியாதவனை எடுக்க மாட்டார்கள்.

நான் வாயைத் திறந்தேன். தேத்தண்ணியைத்தான் குடித்தேன்.

சுலோ காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறாள் என்று எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் படுத்தால் இருமுவாள் என்று தெரியும். கோபம் வந்தால் அலுமாரிக் கதவை எத்தனை தரம் சாத்துவாள் என்று தெரியும். ஒன்பது வருடமாகக் கந்தோருக்குப் போய் அங்கே அவள் என்ன செய்கிறாள் என்று தெரியாது. தண்ணீரைப் பற்றிய படிப்பு. கம்ப்யூட்டரில் படம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. தொடக்கத்தில் அவள் சொல்ல வந்திருப்பாள். நான், "சரி சரி, சோறு ஆறுது" என்றிருப்பேன். பிறகு அவளும் சொல்வதை விட்டுவிட்டாள். பிள்ளைகள் விலகிப் போகிறார்கள் என்று இங்கே எல்லாத் தாய்மாரும் அழுகிறார்கள். விலகிப் போகிற பிள்ளையை ஒருமுறை நிறுத்தி, எங்கே போகிறாய் என்று கேட்டவர்களை நான் காணவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

ருவன் பொறுமையாக இருந்தான். ஸ்ரீயானி என் முழங்காலை இடித்தாள். தடுமாறினால் கதை முடிந்தது.

"சொல்லுறன் மகன்" என்று தொடங்கினேன்.

உடப்புக்கு முன்னால் கடல், பின்னால் உப்புத் தண்ணீர் தேங்குகிற களப்பு. பெருமழை பெய்தால் களப்பு நிரம்பி வீடுகளுக்குள் வரும். அப்போது நடுவில் இருக்கிற மணல் திட்டை வெட்டி விட வேண்டும். தண்ணீர் கடலுக்குப் போய்விடும். ஆனால் பிழையான நேரத்தில் வெட்டினால் கடல் உள்ளே வந்துவிடும். பிழையான இடத்தில் வெட்டினால் யாருடைய வாடியாவது போய்விடும். ஒரு வருடம் ஆண்கள் எல்லாம் எங்கே வெட்டுவது என்று இரண்டு நாள் நின்று கத்தினார்கள். அப்போது சுலோவுக்குப் பதினைந்து வயது. அவள் களப்பிலும் கடலோரத்திலும் தடிகளை நட்டு, பழைய சாரத் துணியைக் கிழித்து அடையாளம் கட்டி, தண்ணீர் எந்தப் பக்கம் எப்போது உயருகிறது, எப்போது இறங்குகிறது என்று பார்த்தாள். மூன்றாம் நாள், "நாளைக்குக் காலமே கடல் வத்துற நேரம், உடைஞ்ச தோணிக்குப் பக்கத்தில வெட்டுங்க" என்று சொன்னாள். வெட்டினார்கள். பொழுது படுமுன்னே வீடுகள் காய்ந்துவிட்டன.

நான் சொல்லி முடித்தபோது ருவனின் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

"பதினைஞ்சு வயசிலயா நெந்தா?"

"ஓம் மகன்" என்றேன்.

நடந்தது எல்லாம் உண்மை. ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. ஆளை மட்டும்தான் மாற்றினேன். தடி நட்டது நான். சுலோ சாரம் கிழித்துத் தந்தாள்.

5

நேர்முகத் தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. மத்தியானம் ஒரு மணிக்குச் சுலோ திரும்பி வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமல் நேரே குசினிக்குள் வந்து நின்றாள். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"அம்மா, எனக்கு மெல்பேர்ணில சொந்தக்காரர் ஆர்?"

"ஏன் புள்ள?"

"நாலு கதிரை போட்டிருந்தாங்க. மூண்டு பேர்தான் இருந்தாங்க. 'மிஸ்டர் ருவன் வரமாட்டார், அவர் உங்க கசின் எண்டபடியா விலகிட்டார்' எண்டு சொன்னாங்க. நான் முழிச்சுக்கொண்டு நிக்கிறன். ஆர் அம்மா அந்த ருவன்?"

மறைத்துப் பயனில்லை.

"ஸ்ரீயானின்ட மருமகளின்ட அண்ணன்."

"அது எனக்கு என்ன?"

"முறைக்குப் பாத்தா மச்சான்."

"மச்சானா?" அவளுடைய குரல் கூரைக்குப் போனது. "ரெண்டு பிள்ளைகளோட இருக்கிற மனுசன் எனக்கு மச்சானா?"

"நான் கட்டச் சொல்லேல்லையே. முறைக்குத்தான் சொன்னன்."

விஷயம் இதுதான். அந்தக் கம்பனியில் விண்ணப்பிக்கிறவரை யாராவது அறிந்திருந்தால் அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ருவன் நேர்மையான பிள்ளை. எப்படித் தெரியும் என்று படிவம் கேட்டது. 'விண்ணப்பதாரியின் தாய் எனக்கு மாமி முறை, என் வீட்டுக்கு வந்தார்' என்று எழுதிவிட்டான். மாமியின் மகள் என்றால் இங்கிலிஷில் கசின். அவர்களிடம் அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. சொந்தக்காரன் தேர்வில் இருக்கக்கூடாது. அந்தத் தேர்வுக் குழுவில் எங்கள் நாட்டுக்காரன் அவன் ஒருவன்தான். நான் போகாமல் விட்டிருந்தால் அவன் அந்தக் கதிரையில் இருந்திருப்பான்.

இன்னும் இருக்கிறது. 'பெற்ற அன்பளிப்பு' என்று ஓர் இடம் இருந்ததாம். 'சம்பல், ஒரு போத்தல், பாதி உண்ணப்பட்டது' என்று அதையும் எழுதியிருந்தானாம். அந்த அறையில் சுலோவுக்கு அதை வாசித்துக் காட்டினார்களாம்.

"எனக்கு நிலம் பிளந்து உள்ள போயிரலாம் போல இருந்திச்சு அம்மா."

"ருசி எப்பிடி எண்டு எழுதேல்லையா?"

அலுமாரிக் கதவை இரண்டு தரம் சாத்தினாள்.

ஆனால் உண்மையான கோபம் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. மெதுவாகக் கேட்டாள்:

"தடி நட்டது நான் எண்டா சொன்னீங்க?"

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

"அந்த ருவன் எழுதின குறிப்ப நடுவில இருந்த பொம்பிள வாசிச்சா. 'இது எங்களுக்கு நல்லாப் பிடிச்சது, இதப் பத்திச் சொல்லுங்க' எண்டு கேட்டா. நான் ஓம் எண்டு சொல்லியிருந்தா அந்த இடத்திலயே வேலை கிடைச்சிருக்கும்."

"நீ என்ன சொன்ன?"

"நான் இல்ல, அது என்ட அம்மா எண்டு சொன்னன்."

கத்தி நின்றுவிட்டது.

"பிறகு அந்தப் பொம்பிள, 'அப்ப உங்க அம்மா எப்பிடிச் செஞ்சா?' எண்டு கேட்டா. நான் பத்து நிமிஷம் சொன்னன். களப்பு எந்தப் பக்கம், தடி எத்தன, ஏன் உடைஞ்ச தோணிப் பக்கம். பலகையில படமும் கீறிக் காட்டினன். அது என்ட நேர்முகத் தேர்வு அம்மா. அதில பத்து நிமிஷம் உங்களுக்குப் போச்சு."

அந்த வருடம் தண்ணீர் வடிந்த அன்று கோயில் ஒலிபெருக்கியில் சம்மாட்டிக்கு நன்றி சொன்னார்கள். சம்மாட்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாரையும் பார்த்துத் தலையாட்டினார். என் புருஷன்கூட, "சம்மாட்டின்ட மூளை" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். நான் அவருக்குச் சோறு போட்டேன். இருபத்தொரு வருடம் கழித்து, பதினெட்டு மாடிக் கட்டடத்தில், முகம் தெரியாத மூன்று வெள்ளைக்காரர் முன்னால் என் தடிகள் பலகையில் ஏறியிருக்கின்றன. வேலை போனாலும் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம்தான். உடனே அந்தப் பாய் கண்ணுக்குள் வந்துவிட்டது.

"பொய் சொல்லுற தாய்க்கு உண்மை சொல்லுற பிள்ளை" என்றேன். "தகப்பன்ட பக்கம்."

6

பதில் வர மூன்று கிழமை ஆகும் என்றார்கள். அந்த மூன்று கிழமையும் வீட்டில் மாரிகாலம். சுலோ என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். சுரங்கக் கம்பனிக்காரரிடம் நாள் கேட்டு எழுதினாள். எனக்கு விமானச்சீட்டு என்ன விலை என்றுகூடப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தபோது ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

"என்ன அம்மா?"

"நீ என்ன வேலை செய்யிற?"

"இப்பவா?"

"இந்த ஒன்பது வருஷமா."

நான் கேலி செய்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். ஏதோ ஓர் ஊர். தெருக்கள், வீடுகள், ஓர் ஆறு. ஒரு பொத்தானை அமர்த்தினாள். ஆற்றிலிருந்து நீல நிறம் மெதுவாக வெளியே வந்து தெருவுக்குள் புகுந்தது. மழை இவ்வளவு பெய்தால் எந்த வீட்டுக்குள் எப்போது தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. அதை வைத்து எங்கே வாய்க்கால் வெட்டுவது, எங்கே வீடு கட்ட விடக்கூடாது என்று நகரசபை முடிவு செய்யுமாம்.

ஒன்பது வருடமாக என் மகள் தடி நட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சோறு ஆறுகிறதென்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

"கடல் வத்தாத நேரம் மழை பெஞ்சா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் இந்தக் கணக்கு வேற." இன்னொரு படத்தை எடுத்தாள். "இங்க பாருங்க."

சோறு அன்றைக்கு நன்றாக ஆறிப்போனது.

மூன்றாம் கிழமை வியாழக்கிழமை கம்பனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். சுலோ குசினிக்குள் நின்றே கதைத்தாள். எனக்கு அவளுடைய பக்கம் மட்டும்தான் கேட்டது. முதலில் முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது. "நோ, நொட் பை பிளட்" என்றாள். கொஞ்சம் கழித்து, "நோ, நொட் பை மேரேஜ்" என்றாள். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "பிகோஸ் வீ கோல் எவ்ரிபடி தட்" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். தொலைபேசியை வைத்த பிறகும் அந்தப் பார்வை இருந்தது.

"என்னவாம்?"

"இரத்தச் சொந்தமும் இல்ல, கலியாணச் சொந்தமும் இல்ல எண்டா ஏன் உங்கட அம்மாவ அவர் மாமி எண்டு கூப்பிடுறார் எண்டு கேட்டா. நாங்க எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுவம் எண்டு சொன்னன். 'அப்ப உங்கட நாட்டில சொந்தமில்லாத ஆக்கள் ஆர்?' எண்டு கேட்டா."

"வேலை?"

"வேலை இருக்கு."

நான் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். பாதியில் நிற்கவில்லை.

"பொறுங்க. இங்க இல்ல. தண்ணிப் பகுதிக்குப் பெரியவர் ருவன்தானாம். சொந்தக்காரருக்குக் கீழ சொந்தக்காரர் வேலை செய்யக்கூடாதாம். படிவத்தில சொந்தம் எண்டு எழுதினா எழுதினதுதானாம், ஆரும் மாத்த ஏலாதாம். அதால இங்க தராம, பேர்த்தில இருக்கிற கந்தோரில தருவாங்களாம். அடுத்த மாசமே போகணும்."

பேர்த் என்றால் இந்த நாட்டின் மற்றக் கரை. விமானத்தில் நாலு மணித்தியாலம். மெல்பேர்ணில் மகளோடு இருப்பதற்காக நான் ஒரு போத்தல் சம்பலும் ஒரு மருமகனும் செலவழித்திருக்கிறேன். அவை இரண்டும் சேர்ந்து அவளை நாட்டின் அந்தப் பக்கத்துக்குத் தூக்கி எறிந்துவிட்டன. நான் யாரையும் பிடிக்காமல் விட்டிருந்தால் அவள் இங்கேயே, இந்த ஊரிலேயே இருந்திருப்பாள். என் தம்பி பெண்சாதி ஊரெல்லாம் சொல்கிற கதையில் இந்த இடம் மட்டும் உண்மை.

என்னையும் கூட்டிப் போவாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். போய் என் பெட்டியை எடுத்துத் தூசு தட்டினேன். உடப்புக்கு எடுத்துப் போக வேண்டியவற்றை ஒரு பக்கம் வைத்தேன். அதிகமில்லை.

பின்னேரம் சுலோ கூப்பிட்டாள். கம்ப்யூட்டரில் வீடுகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பேர்த்தில் வாடகை வீடுகள்.

"இதில அடுப்புக்கு மேல புகை மணி இல்ல, தள்ளித்தான் இருக்கு. பரவாயில்லையா?"

"ரெண்டு அறை போட்டிருக்கே?"

"ஓம்."

"ஆருக்கு ரெண்டு?"

"ஒண்டு எனக்கு, ஒண்டு உங்களுக்கு. இல்ல, மாமா வீட்டதான் போறதெண்டா இப்பவே சொல்லுங்க. ஒரு அறையாப் பாக்கிறன். வாடகையும் குறையும்." தலையைத் திருப்பாமலேதான் சொன்னாள். கம்ப்யூட்டர் எலியைப் பிடித்த கை மட்டும் அசையாமல் இருந்தது.

நான் அவசரப்படவில்லை. மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. வீட்டின் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். குசினி போதும். பின்பக்கம் வெயில் விழுகிற மாதிரி ஒரு துண்டு நிலம். கருவாடு காய்கிற வெயில்தான். அயலவர்கள் என்ன சொல்வார்களோ.

"வாறன்" என்றேன். "ஆனா புள்ள, அங்க எனக்கு ஒரு மனுசரையும் தெரியாதே."

"அதுதான் அம்மா எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டுக்கு விண்ணப்பம் போட்டாள்.